பம்பு காற்றைக் குடிக்கிறது

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் முடிந்ததும் ஒரு சிறுதேர்வு வைத்தேன். 'நீர் இறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்?' என்பது ஒரு கேள்வி. 'நீர் கசியும்' என்றே பலரும் எழுதியிருந்தனர், மதிப்பெண் கொடுத்தேன். மரக்காணம் உப்பளத்தில் இன்ஜின் ஓட்டுபவரின் மகள் மட்டும், 'ஒரு சொட்டுகூட ஒழுகாது, பம்பு காத்து குடிக்கும்' என்று எழுதியிருந்தாள். இதெல்லாம் ஒரு விடையா என்று சுழியம் போட்டுவிட்டேன். மறுநாள் விடைத்தாளோடு வந்து நின்றாள். "எங்க அப்பா இன்ஜின்ல அப்படித்தான் சார் ஆகும்."

அவள் எழுதியது சரி. பம்பு ஓடும்போது உறிஞ்சு குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆகவே விரிசல் வழியே நீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்பு நீரை இழுப்பதில்லை. வளிமண்டலம் அழுத்தி மேலேற்றுகிறது. நன்னீரானால் அதிகபட்சம் 10.3 மீட்டர். நீரைப்போல் 1.2 மடங்கு அடர்த்தியுள்ள செறிந்த உப்புநீரானால் சுமார் 8.6 மீட்டர்தான். நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறையும்.

அப்படியானால் ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும் பம்பில் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. அப்பா செய்வதை அவளே சொன்னாள்: இன்ஜினை நிறுத்திவிட்டு, மேலிருந்து தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பும்போது பார்க்க வேண்டும். அடியிலுள்ள ஃபுட் வால்வு மூடியிருப்பதால் அப்போது உள்ளே அழுத்தம் கூடுதல், விரிசல் சொட்டும். எங்கும் சொட்டாமல் நீர்மட்டம் மட்டும் இறங்கினால் கோளாறு ஃபுட் வால்வில். ஓடும்போதே பார்க்க, இணைப்புகளில் சோப்பு நுரை தடவலாம். பஞ்சர் கடையில் குமிழி வெளியே கிளம்பும். இங்கே நுரை உள்ளே போகும். பெட்ரோல் காரில் காற்று உள்ளே செல்லும் பக்கத்து ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் இதே நிலைதான். எதுவும் ஒழுகாது, நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கும். மெக்கானிக் 'உஸ்' என்ற சத்தத்தைத் தேடுவார்.

வகுப்பில் ஒரு சிரிஞ்சும் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயும் போதும். நடுவில் சூடான ஊசியால் துளையிடுங்கள் (அதை ஆசிரியரே செய்க, சூடில்லாத ஊசித் துளை மூடிக்கொள்கிறது). குழாய் முனையை நீரில் வைத்து இழுத்தால் துளை வழியே குமிழிகள் நுழையும். முனையை விரலால் அடைத்துத் தள்ளினால் அதே துளையில் நீர் பீய்ச்சும். அந்த விரல்தான் ஃபுட் வால்வு.

அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். 'கசியும்' என்றவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கவும் முடியவில்லை. பம்பு ஓடும்போதா, நிற்கும்போதா என்று கேள்வியில் நான் சொல்லவே இல்லை.