கூரைச் சட்டங்களுக்கு நிலையான குறுக்குக் கட்டு

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் வெளியில் காற்றைத் தடுக்க மலையுமில்லை, அடர்ந்த சோலையுமில்லை. ஆனி, ஆடிக் காற்றும், சித்திரை வைகாசியில் இடியுடன் திடீரென வீசும் சூறையும் கட்டடத்தின் மீது நேராக மோதுகின்றன. ஆதலால், பொதுக் கூடம், பருத்திக் கிட்டங்கி, சந்தைக் கொட்டகை முதலியவற்றைக் கட்டுவோர் கூரைச் சட்டங்களின் குறுக்குக் கட்டைப் பற்றித் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகும்.

சட்டத்தின் இயல்பு

டிரஸ் எனப்படும் முக்கோணச் சட்டம் மேலிருந்து வரும் பாரத்தை நன்கு தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் எளிதில் சாயும். தனியே நிறுத்திய வண்டிச் சக்கரமும் அவ்வாறே. அச்சில் பூட்டிய பின்னரே அது நிலைபெறுகிறது. சட்டங்களுக்கு அச்சாக அமைவதே குறுக்குக் கட்டு.

சட்டங்களின் மேல் நீளவாக்கில் ஓடும் பர்லின்கள் போதாவோ என்று சிலர் வினவலாம். அவை சட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றனவே தவிர, எல்லாச் சட்டங்களும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்வதைத் தடுப்பதில்லை. நான்கு கம்புகளால் கட்டிய படல் கோணிக்கொள்ளும். மூலைக்கு மூலை ஒரு கம்பைக் கட்டினால் கோணாது. நாற்கோணம் முக்கோணங்களாகப் பிரிவதே இதன் காரணம்.

ஓட்டிலிருந்து தகட்டிற்கு

மங்களூர் ஓடு, ரீப்பருடன் சேர்ந்து, சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ எடையுள்ளது. இரும்புத் தகடு ஏறக்குறைய 5 கிலோதான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். 39 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. அதில் பாதியளவே கூரையை மேல்நோக்கித் தூக்கினாலும், ஓட்டின் எடை அதனை அடக்கிவிடும். தகட்டின் எடை அடக்காது. பழைய சட்டத்தின் மேல் ஓட்டை அகற்றித் தகடு வேய்வோர் இதனை முக்கியமாகக் கவனித்தல் வேண்டும்.

கூரை தூக்கப்படும்போது மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. சாதாரண நாளில் இழுவிசையைத் தாங்கும் அடிச்சட்டம் அப்போது அமுக்கு விசைக்கு உள்ளாகிறது. மெல்லிய கம்பை இழுத்தால் வளையாது. தரையில் ஊன்றி அமுக்கினால் வளைந்துவிடும். அதன் நடுவைப் பக்கவாட்டில் அசையாதவாறு பிடித்துக்கொண்டால், மும்மடங்கன்று, நான்கு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். மெல்லிய சட்டத்தின் ஆதாரமற்ற நீளம் பாதியானால் வலிமை நான்கு மடங்காகும் என்பது பொறியியல் விதி.

அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் 1978 ஜனவரி 18 அதிகாலையில், விளையாட்டு அரங்கின் அகன்ற இரும்புக் கூரை பனிப் பாரத்தால் இடிந்து விழுந்தது. சில மணி நேரத்திற்கு முன்தான் ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து வெளியேறியிருந்தனர். அமுக்கம் தாங்கும் மேற்சட்டங்களுக்குப் போதிய பக்கப் பிடிப்பு இல்லாமையை ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். பாரம் பனியாயினும் காற்றாயினும் விதி ஒன்றே.

கட்டு அமைய வேண்டிய இடங்கள்

1. கூரைச் சாய்வில்: இரு கோடிகளிலும் உள்ள அடுத்தடுத்த இரு சட்டங்களுக்கிடையே மூலைக்கு மூலை பெருக்கல் குறி வடிவில் அமைத்தல் வேண்டும். கட்டடம் நீளமாயின் இடையிலும் அமைக்க வேண்டும். சாய்வு 45 பாகையை ஒட்டியிருத்தல் நலம்.

2. அடிச்சட்ட மட்டத்தில்: சட்டங்களின் அடிப்பாகங்களை இணைத்து நீளவாக்கில் ஓடும் கட்டு. கோடிகளில் இதனையும் மூலைவிட்டத்தால் நிலைநிறுத்த வேண்டும். இல்லையேல் எல்லாம் ஒருங்கே நகரும்.

3. செங்குத்தாக: மோட்டிற்கு நேர் கீழே, ஒரு சட்டத்தின் மேற்பகுதியிலிருந்து அடுத்ததன் அடிப்பகுதிக்குச் செல்லும் கட்டு.

சட்டத்தைச் சுவரோடும் தூணோடும் போல்ட்டால் பிணைக்காவிடில் இவை மூன்றும் பயன்தரா. கட்டுகள் ஏற்ற விசை அஸ்திவாரம் வரை செல்ல வழி வேண்டும்.

ஊராட்சியினர் கவனத்திற்கு

சட்டங்களை நிறுத்தும்போது ஆசாரிகள் தற்காலிகமாக மூங்கில் முட்டுக் கொடுப்பது வழக்கம். வேலை முடிந்ததும் அது அவிழ்க்கப்படும். அதனை நிலையான கட்டாகக் கருதுதல் கூடாது. வரைபடத்தில் கட்டுகள் காட்டப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தகடு வேய்வதற்கு முன் அவற்றை எண்ணி, அளவுப் புத்தகத்தில் தனியே பதிய வேண்டும். வேய்ந்த பின் அண்ணாந்து பார்ப்போர் சிலரே. மின்விசிறி மாட்டவும் பரண் அமைக்கவும் பின்னாளில் கட்டுகளை அறுப்பதை ஒருபோதும் அனுமதித்தலாகாது. ஆண்டுதோறும் ஆனி பிறக்குமுன் போல்ட்டுகளை முடுக்கி, துருப்பிடித்த இடங்களுக்கு வர்ணம் பூசுதல் வேண்டும்.

மொத்தச் செலவில் இக்கட்டுகளுக்காகும் பங்கு சிறிது. அக்கூரையின் கீழ் அமரப்போவோர் நம் ஊர்க் குழந்தைகளும் முதியோருமாவர் என்பதை மதிப்பீடு தயாரிப்போர் மனத்திற்கொள்வாராக.