வெப்பமின்றிப் புற்றை அழிக்கும் மின்சாரம்

புற்றுக்கட்டியை ஊசிமுனை வெப்பத்தால் சுட்டு அழிக்கும் முறை மருத்துவத்தில் முன்பே உண்டு. ஆனால் வெப்பத்திற்கு வேண்டியது, வேண்டாதது தெரியாது. அருகிலுள்ள பித்தநாளத்தையும் அது சுட்டுவிடும். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் இருந்தாலோ, ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கவர்ந்து செல்ல, கட்டியின் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். இக்குறையைப் போக்க எழுந்ததே வெப்பமில்லா மின்சிகிச்சை.

இதன் தத்துவம் யாது? வயலுக்கு வரப்பு எப்படியோ, அப்படியே உயிரணுவுக்கு அதன் சவ்வு. வரப்பில் ஒரு நண்டு வளை விழுந்தால் ஒரு பிடி சேற்றால் அடைத்துவிடலாம். நாற்புறமும் உடைப்பெடுத்தால் வயலில் நீர் நில்லாது. சவ்வின் இருபுறத்திற்கும் இடையே ஏறத்தாழ 1 வோல்ட் மின்னழுத்தம் ஏற்படின் அதில் நுண்துளைகள் விழுகின்றன. துளைகள் சிலவாயின் சவ்வு தானே மூடிக்கொள்ளும். இவ்வழியே 1982-இல் ஜெர்மனியின் நியூமன் குழுவினர் எலியின் உயிரணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினர். சவ்வு திறந்திருக்கும் சிறு நேரத்தில் புற்று மருந்தை உட்புகுத்தும் முறையை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியை ராஜி சுந்தரராஜன் ஆய்ந்துள்ளார். மூடவியலாதபடி துளைகள் பெருகினால் உயிரணு மடியும். இதனாலேயே கட்டியை அழிக்கலாம் என 2005-இல் டாவலோஸ், மிர், ரூபின்ஸ்கி ஆகியோர் விளக்கினர்.

இம்முறையில் கட்டியைச் சுற்றி ஊசிகளைச் செருகி, அவற்றிடையே சென்டிமீட்டருக்குச் சுமார் 1500 வோல்ட் வீதம் மின்துடிப்புகளைச் செலுத்துகின்றனர். ஒரு துடிப்பின் காலம் நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கே. 90 துடிப்புகளைக் கூட்டினாலும் நொடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகாது! ஆகவே, வெப்பம் பெரிதும் சேர்வதில்லை. உயிரணுக்கள் மடிந்தாலும் குழாய்களின் நார்ச்சட்டம் பெரும்பாலும் நிலைக்கிறது. கல்லீரல், கணையம், புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் கட்டிகளில் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

எனினும் இது சர்வரோக நிவாரணி அன்று. முழு மயக்கமும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தேவை. இதயத் துடிப்போடு இசைந்தே மின்சாரம் பாய வேண்டும். ஊசிகளிடையே அகப்படும் நல்ல உயிரணுக்களும் மடியும். பெரும்பாலும் சிறு கட்டிகளுக்கே இது ஏற்றது. உடலெங்கும் பரவிய புற்றை இது மட்டுமே தீர்க்காது. வீட்டில் வைத்துக்கொள்ளும் மின்கருவியால் புற்று தீரும் என்ற விளம்பரங்களுக்கும் இதற்கும் தொடர்பேயில்லை.

ஆக, எத்துணை நுட்பமான கருவி வந்தாலும் கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டறிவதுதான் முதற்படி. நம் டெல்டாக் கிராமங்களில் அச்சத்தாலும் கூச்சத்தாலும் கட்டியை மறைத்துக் காலங்கடத்துவோர் இன்றும் உளர். அவர்களைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உரிய காலத்தில் அழைத்துச் செல்வது படித்த நம் கடமையன்றோ!