வேலி விலகிய கதை: நிலநடுக்கக் குறும்படம் எடுக்கும் முறை

நிலநடுக்கம் பற்றிய குறும்படங்கள் பெரும்பாலும் இடிந்து விழும் கட்டடத்தில் தொடங்குகின்றன. அது விளைவு மட்டுமே. காரணமோ பல்லாண்டுகளாகப் பாறைக்குள் ஓசையின்றிச் சேர்ந்தது. எனவே மூன்று நிமிடப் படமென்றால் இரண்டு நிமிடத்தை அந்தச் சேர்மானத்துக்கே கொடுங்கள். கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இதற்கு மிகப் பொருத்தமானது. 1906 ஏப்ரல் 18 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தில், பிளவுக்குக் குறுக்கே ஓடிய ஒரு வேலி அறுந்து சுமார் 2.6 மீட்டர் பக்கவாட்டில் விலகியது. நிலவியலாளர் கில்பர்ட் எடுத்த அதன் புகைப்படத்தை முதல் காட்சியாக வைத்து, இந்த வேலியை நகர்த்தியது எது என்ற ஒரே கேள்வியை எழுப்புங்கள். ரிக்டர் அளவும் சுனாமியும் வேறு படங்களுக்கு உரியவை.

அடுத்து மாதிரி. தடித்த நுரைப்பஞ்சுத் துண்டுகள் இரண்டை மேசைமேல் ஒன்றோடொன்று அழுத்தி வைத்து, இரண்டின் குறுக்கே மார்க்கரால் நேர்கோடு வரையுங்கள், அதுதான் வேலி. கேமரா நேர் மேலிருந்து, அசையாமல் பார்க்கட்டும். வெளி ஓரங்களை எதிரெதிர்த் திசைகளில் மெல்லத் தள்ளினால் கோடு வளையும். அப்படியே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வேறு நிறத்தில் இரண்டாவது நேர்கோடு போடட்டும். மேலும் தள்ளும்போது பிடி விட்டுத் துண்டுகள் வழுக்கும். பழைய கோடு இரண்டாக அறுந்து நிமிரும்; புதிய கோடோ அறுந்ததோடு பிளவின் அருகே வளைந்தும் நிற்கும். நிலநடுக்கத்துக்குச் சற்று முன் கட்டிய வேலி ஏன் வளைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வளைவதை இயல்பான வேகத்திலும் வழுக்குவதை ஸ்லோமோஷனிலும் எடுங்கள்.

நுரைப்பஞ்சும் பாறையும் ஒன்றா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பதிலைப் படத்திலேயே சேர்த்துவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் செய்த நில அளவீடுகளை 1906-க்குப் பிந்தையவற்றோடு ஒப்பிட்டுத்தான், வளைந்த பாறை விடுபட்டு மீள்வதே நிலநடுக்கம் என்று 1910-இல் ஹாரி ரீட் விளக்கினார். இன்று ஜிபிஎஸ் அந்த வளைவை ஆண்டுதோறும் அளக்கிறது. மாதிரியை அடுத்து அம்புக்குறிகளோடு ஒரு வரைபடம் போதும். இடிபாடு இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்பது அடுத்த தடை. இடிபாடு கட்டடத்தின் வலிமையைப் பற்றிச் சொல்லும், பிளவைப் பற்றி அதிகம் சொல்லாது. அதைவிட மோசம், நிலம் வாய் பிளந்து ஊரை விழுங்கும் அனிமேஷன். சான் ஆண்ட்ரியாஸில் இருபுறமும் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. வெளியிடுமுன் படத்தை ஒலியில்லாமல் ஒரு மாணவருக்குக் காட்டி, வேலியை வரையச் சொல்லுங்கள். அவர் பள்ளம் வரைந்தால், மாதிரிக் காட்சியை இன்னும் அண்மையில் வைத்து மறுபடி எடுங்கள்.