பெயரை நம்பலாமா?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானம் ஒன்றில் ஐயத்திற்குரிய அருகலை இணைப்பு ஒன்று தென்படுவதை விமான நிறுவன ஊழியர்கள் கண்டனர். தகவல் அறிந்த காவல்துறையினர், பெர்த் விமான நிலையத்தில் பயணி ஒருவரின் கைப்பையைச் சோதித்தனர். கையடக்கக் கம்பியில்லாக் கருவி, மடிக்கணினி, திறன்பேசி ஆகியவை அதில் இருந்தன. உண்மையான வலையமைப்பின் பெயரையே தன் கருவிக்கும் சூட்டி, இணைந்தோரைப் போலிப் பக்கத்திற்கு ஈர்த்து, அவர்களுடைய மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் விவரங்களை அவர் கவர்ந்தார் எனக் காவல்துறை தெரிவித்தது.

ஏமாற்றம் நிகழும் விதம்

வைஃபை என வழங்கும் அருகலையைப் பரப்பும் கருவி அணுகுபுள்ளி எனப்படும். திறன்பேசி, முன்பு இணைந்த வலையமைப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்பெயர் மீண்டும் தென்பட்டால் தானாகவே இணைய முயலும். ஆனால், ஒரு பெயரை எவரும் தம் கருவிக்குச் சூட்டலாம். கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பில், அப்பெயருக்கு உரியவர் யாரெனத் திறன்பேசியால் அறிய இயலாது. கடவுச்சொல் இருப்பினும், அது பலருக்கும் தெரிந்ததாயின் போலியை அமைப்பது எளிது.

உள்ளிருந்து வரும் இடர்

எல்லா இடர்களும் பகைவரால் வருவன அல்ல. அலுவலகத்தில் அலைவலிமை போதவில்லை எனக் கருதும் ஊழியர், தம் சொந்த அணுகுபுள்ளியை அலுவலக வலையமைப்பில் அனுமதியின்றிப் பொருத்திவிடுவதுண்டு. அவரிடம் தீய நோக்கம் இல்லை. எனினும், அச்செயல் தலைவாயிலில் காவலர் நிற்க, பின்மதிலில் திட்டிவாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். தெருவில் நிற்பவரும் அதன்வழி உள்ளே நுழைய வாய்ப்புண்டு.

காக்கும் வழிகள்

நிறுவனங்கள், பயன்படாத வலையமைப்புத் துளைகளை முடக்கி வைத்தல் வேண்டும். அனுமதி பெற்ற அணுகுபுள்ளிகளைப் பட்டியலிட்டு, காற்றில் தென்படும் கருவிகளை அதனோடு ஒப்பிட்டுக் கண்காணித்தல் வேண்டும். 802.1எக்ஸ் என்னும் முறையில், பயனர் தம்மை மெய்ப்பிப்பதோடு வலையமைப்பும் மின்னணுச் சான்றிதழால் தன்னை மெய்ப்பிக்குமாறு அமைக்கலாம். அச்சான்றிதழைப் பயனரின் கருவி சரிபார்த்தால் போலி வெளிப்பட்டுவிடும்.

பயனர்க்கும் பொறுப்பு உண்டு. பொது இடங்களில் தானியங்கி இணைப்பை நிறுத்திவைத்தல், பயன்படுத்தியபின் அவ்வலையமைப்பைக் கருவியின் நினைவிலிருந்து நீக்குதல், சான்றிதழ் குறித்த எச்சரிக்கையைப் புறக்கணியாதிருத்தல் ஆகியன நன்று. இலவச இணைப்பிற்காக மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். மின்னஞ்சல் ஒன்று பிறர் கைப்பட்டால், அதன்வழி மீட்டெடுக்கத்தக்க பிற கணக்குகளும் பறிபோகக்கூடும்.