அறைக்கும் மிம்பருக்கும் நடுவே

அன்புள்ள மருமகனுக்கு,

உம்மா, வாப்பாவோடு உம்ராவுக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். மக்காவில் செய்ய வேண்டியதையெல்லாம் உங்களோடு வருகிற ஹஜ்ரத் வரிசையாகச் சொல்லித் தந்துவிடுவார். மதீனாவுக்குப் போனதும்தான் குழப்பம் ஆரம்பிக்கும். ரவ்ழாவுக்குப் போகணும், ரவ்ழாவுக்குப் போகணும் என்று ஆளாளுக்குப் பறப்பார்கள். அது எந்த இடம், அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. அதனால் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் திசை. நம் ஊரில் மேற்கே பார்த்துத் தொழுகிறோம். மக்கா மதீனாவுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே கிப்லா தெற்கு. மஸ்ஜிதுந் நபவியின் பழைய பகுதியில் கிப்லாவைப் பார்த்து நின்றால், இடக்கைப் பக்கம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை இருந்த இடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அடங்கியிருப்பது அங்கேதான்; அருகிலேயே அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும். வலக்கைப் பக்கம் மிம்பர். தம் வீட்டுக்கும் மிம்பருக்கும் இடைப்பட்ட பகுதி சுவர்க்கப் பூங்காக்களில் ஒன்று என்று நபிகளார் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. அந்தத் தரைதான் ரவ்ழா. நம் பக்கத்தில் கபுரையே ரவ்ழா என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நீ இரண்டு ரக்அத் தொழப்போவது கபுருக்கு முன்னால் அல்ல, அதற்குப் பக்கவாட்டில் என்பதை மனதில் வைத்துக்கொள்.

நீளம் சுமார் 22 மீட்டர், அகலம் சுமார் 15 மீட்டர். நீ விளையாடுகிற பேட்மின்டன் கோர்ட் நாலைச் சேர்த்துப் போட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். உலகம் முழுவதிலுமிருந்து வருகிற கூட்டம் இந்த இடத்துக்குள் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று துடிக்கிறது. நெரிசலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உள்ளே போனதும் வெள்ளைப் பளிங்கு போர்த்திய தூண்கள், பொன் எழுத்து, விளக்கு எல்லாம் கண்ணைப் பறிக்கும். அவற்றில் ஒன்றுகூட நபிகளார் காலத்தது இல்லை. 622-ஆம் ஆண்டு எழுந்த பள்ளிக்குச் சுவர் பச்சைச் செங்கல், தூண் பேரீச்ச மரம், கூரை பேரீச்ச ஓலை. மழை பெய்தால் ஒழுகும்; ஸுஜூது செய்தால் நெற்றியில் சேறு ஒட்டும். பிறகு உமர், உஸ்மான் (ரலி) காலங்களில் விரிவானது. கலீஃபா வலீதின் காலத்தில், 707 தொடங்கி நடந்த வேலையில், நபிகளாரின் மனைவியர் வாழ்ந்த அறைகள் இருந்த நிலமும் பள்ளிக்குள் வந்தது. 1256-இல் விளக்கு நெருப்பு பற்றி எரிந்தது. 1481-இல் மினாராவில் இடி விழுந்து மறுபடியும் எரிந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் காயித்பாய் திரும்பக் கட்டினார். இன்றைக்கு நீ பார்க்கப்போகிற மிம்பர் உஸ்மானியச் சுல்தான் மூன்றாம் முராத் அனுப்பியது. ஆக, மரம் போயிற்று, கல் வந்தது, அதுவும் மாறிற்று. மாறாதது இடம் மட்டும்தான். ஹதீஸில் சிறப்பு சொல்லப்பட்டதும் இடத்துக்குத்தான். தூணைக் கட்டிப்பிடிப்பவரையும் கைக்குட்டையால் பளிங்கைத் தடவி முகத்தில் பூசிக்கொள்பவரையும் அங்கே பார்ப்பாய். சண்டைக்குப் போகாதே, ஆனால் நீ அதைச் செய்யாதே.

சில தூண்கள் பழைய பேரீச்சத் தூண்கள் நின்ற அதே இடத்தில் நிற்பதாகக் காலங்காலமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். மேலே பெயர் எழுதியிருக்கும். அரபி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நீ, ஒன்றையாவது தேடிப்பார். எனக்கு மிகவும் பிடித்தது அபூலுபாபா (ரலி) தூண். தவ்பாத் தூண் என்றும் சொல்வார்கள். பனூ குறைழா குலத்தாரை முற்றுகையிட்டிருந்தபோது, அவர்களுக்கு என்ன தீர்ப்பு வரும் என்பதை அவர் கையைக் கழுத்தருகே கொண்டுபோய்ச் சைகையாகக் காட்டிவிட்டார். வாயால் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் அல்லாஹ்வுக்கும் ரசூலுக்கும் துரோகம் செய்துவிட்டேன் என்று நேராகப் பள்ளிக்கு வந்து தன்னைத் தூணில் கட்டிக்கொண்டார். தொழுகை நேரத்தில் மட்டும் வீட்டிலிருந்து வந்து அவிழ்த்துவிடுவார்கள். பிறகு மறுபடி கட்டு. மன்னிப்பு வந்த செய்தி கேட்டு மக்கள் அவிழ்க்க ஓடியபோது, நபிகளார் தம் கையால் அவிழ்த்தால்தான் உண்டு என்றார். ஃபஜ்ருக்கு வந்த நபிகளார் அப்படியே செய்தார்கள். வெளியூர்த் தூதுக்குழுக்களைச் சந்தித்த இடத்துக்கு ஒரு தூண், இஃதிகாஃபின்போது படுக்கை போட்ட இடத்துக்கு ஒரு தூண் என்று இன்னும் சில உண்டு.

மிம்பர் வருவதற்கு முன்னால் நபிகளார் ஒரு பேரீச்ச மரத் தண்டில் சாய்ந்து நின்றுதான் குத்பா ஓதுவார்கள். பிறகு மூன்று படியில் மரத்தால் மிம்பர் செய்தார்கள். முதல்முறை அதில் ஏறியபோது அந்தத் தண்டு அழுதது. பள்ளியில் இருந்தவர்கள் காதால் கேட்டார்கள். நபிகளார் குத்பாவை விட்டு இறங்கி வந்து அதன் மேல் கை வைத்த பிறகே விம்மல் அடங்கியது. சின்ன வயதில் உனக்கு உம்மா சொல்லியிருப்பாள். அது நடந்தது இந்த நாலு கோர்ட் அளவு இடத்தின் ஓரத்தில்தான்.

பூங்கா என்றதற்கு ஆலிம்கள் பல விளக்கம் தருகிறார்கள். இந்த மண்ணே மறுமையில் சுவர்க்கத்துக்குப் பெயர்க்கப்படும் என்பது ஒன்று. இங்கே செய்கிற வணக்கம் சுவர்க்கத்துக்குக் கொண்டு சேர்க்கும் என்பது இன்னொன்று. இறைவனை நினைக்கிற சபைகள் ஓயாமல் நடந்ததால் இறங்கிய அருள், பூங்காவுக்கு ஒப்பாயிற்று என்பது மற்றொன்று. என் மனம் மூன்றாவதில்தான் நிற்கிறது. இங்கே அரியணை இருந்ததில்லை. ஓலைக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஏழைகள் பாடம் கேட்டார்கள், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் மறுக்க நான் யார்?

இனி நடைமுறை. நுஸுக் செயலியில் அனுமதி எடுக்காமல் உள்ளே விடமாட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. உம்மாவோடு சேர்ந்து போகலாம் என்று நினைக்காதே. விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள். கிடைக்காமல் போனால் அழுது புரளாதே. உம்ராவின் கடமைகளில் ரவ்ழா இல்லை. மஸ்ஜிதுல் ஹராம் நீங்கலாக மற்ற பள்ளிகளில் தொழுவதைவிட ஆயிரம் மடங்கு சிறந்தது என்று சொல்லப்பட்டது முழு நபிப்பள்ளிக்கும்தான்.

அஸருக்குப் பிறகு நேரம் கிடைத்தால் தொழலாமா என்ற கேள்வி வரும். ஷாஃபிஈ மத்ஹபில் பள்ளிக்காணிக்கை போன்ற காரணமுள்ள தொழுகைக்கு அப்போதும் இடமுண்டு. ஹனஃபியில் இல்லை, அவர்கள் உட்கார்ந்து ஸலவாத்து ஓதலாம், துஆ கேட்கலாம். உன் குழுவில் இரண்டு பேரும் இருப்பார்கள், அங்கே விவாதம் வேண்டாம். இடித்துத் தள்ளி முன்னேறுவதும் வேண்டாம். அங்கே தொழுவது சுன்னத்து, கிழவர் ஒருவரின் காலை மிதிப்பது ஹராம். கணக்கு அவ்வளவு சுலபம். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். கிடைக்கிற சில நிமிடத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. உஸ்மான் (ரலி) பள்ளியைக் கிப்லாப் பக்கம் நீட்டியதால் முன் ஸஃப்புகள் ரவ்ழாவுக்கு வெளியே, அதற்கு முன்னால் அமைகின்றன. பர்ளு ஜமாஅத்துக்கு முன் ஸஃப்பே மேல் என்று ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். ரவ்ழாவைச் சுன்னத்துக்கும் துஆவுக்கும் வைத்துக்கொள்.

முடித்ததும் ஸலாம் சொல்லப் போகும்போது கபுரின் முன்பக்கத்தில், கிப்லாவுக்கு முதுகு காட்டி நிற்பாய். குரலை உயர்த்தாதே. கிழக்கே பாபுல் பகீஃ வழியாக வெளியே விடுவார்கள். வாப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் அந்த வாசலுக்கு வெளியே முதல் பெரிய குடைக்குக் கீழே சந்திப்பதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். அனுமதிச் சீட்டு அதில்தான் இருக்கிறது.

வஸ்ஸலாம்,
மாமா