விழுந்த பிறகு மீண்டும் ஸ்கூட்டி எடுப்பது எப்போது?

சோளகக் காற்று வீசும் காலம். யாழ்ப்பாணத்தில் ரியூசன் முடிந்து மண்கும்பானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அல்லைப்பிட்டி தாண்டியதும் மாடொன்று குறுக்கே வந்தது. பிறேக் பிடித்தேன், சறுக்கியது, பக்கவாட்டில் விழுந்தேன். தலைக்கவசம் தாரில் மோதிய சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. எழுந்து, ஸ்கூட்டியை நிமிர்த்தி, நானே ஓட்டி வீடு வந்து சேர்ந்தேனாம். அந்த ஓட்டத்தில் ஒரு கணம்கூட எனக்கு நினைவில் இல்லை. வந்ததும் “ரியூசனுக்கு நேரமாகிட்டுதா உம்மா?” என்று மூன்று தரம் கேட்டேனாம். அதற்குப் பிறகுதான் உம்மா பயந்து வாப்பாவைக் கூப்பிட்டார்.

வைத்தியசாலையில் தலையை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றுமில்லை. வாப்பா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே ஸ்கூட்டியின் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்தார். “ஸ்கேன் நல்லாயிருக்கு. அப்ப நாளைக்கே ஓடலாம்தானே?” என்பது அவருடைய கணக்கு. எங்கள் ஊரில் பலருடைய கணக்கும் இதுதான்.

டொக்டர் அந்தக் கணக்கைத் திருத்தினார். அந்த ஸ்கேன் தேடுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். எனக்கு வந்தது மூளை அதிர்ச்சி. அது பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் இருக்கும் மென்மையான உறுப்பு மூளை. தலை திடீரென நின்றாலோ சுழன்றாலோ உள்ளே அது குலுங்குகிறது. தலைக்கவசம் மண்டையைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும், ஆனால் அந்தக் குலுக்கத்தை முழுதாக நிறுத்தாது. குலுங்கிய நரம்புக்கலங்களில் உப்புக்களின் சமநிலை குழம்புகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழமையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரத்தில் வேறு வேலை கொடுத்தால் தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் பொறுக்காமை, மறதி, எரிச்சல், நித்திரைக் குழப்பம் எல்லாம் வரும். வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரமளவில் தேறும். எங்கள் வயதினருக்கு நான்கு வாரம்கூட ஆகலாம்.

பெற்றோர் கவனிக்கவேண்டிய ஆபத்து அறிகுறிகள் வேறு: கூடிக்கொண்டே போகும் தலையிடி, திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாதல், கை கால் சோர்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல். இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக்கூடாது. நெடுந்தீவில் இருப்பவர்கள் குறிகட்டுவான் வரக் கடலில் ஒரு மணித்தியாலமளவு வேண்டும். ஆகவே “பின்னேரம் பார்ப்போம்” என்று கடைசிப் படகை விட்டுவிடாதீர்கள். தரைவழி உள்ள இடங்களுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வடக்கில் அது 2018 இல் தொடங்கியது. (1990 என்றதும் எங்கள் வீட்டு மூத்தோருக்கு அந்த ஒக்டோபர் மாதம்தான் முதலில் நினைவு வரும். எனக்கு இப்போது இரண்டும் வரும்.)

இருட்டறையில் நாற்பது நாள் கிடக்கவேண்டும் என்றார் பெரியம்மா. டொக்டர் வேண்டாம் என்றார். முதல் இரண்டு நாள் ஓய்வு, கைத்தொலைபேசித் திரையைக் குறைத்தல், பிறகு மெதுவான நடை, கொஞ்சம் வாசிப்பு, அரைநாள் பாடசாலை என்று கூட்டவேண்டும். தலையிடி மோசமானால் ஒரு படி இறங்கவேண்டும். வாகனம் கடைசிப் படி.

ஏன் கடைசி? பண்ணைப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். இரு பக்கமும் கடல்நீரின் பளபளப்பு, பக்கக் காற்று, பின்னால் ஹோர்ன் அடிக்கும் பஸ், எதிரே முந்திவரும் முச்சக்கரவண்டி. எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பார்த்து, முடிவெடுத்து, கையை அசைக்கவேண்டும். அடிபட்ட மூளைக்குக் கடினமான வேலை இதுதான். 2017 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் நீங்கி இரண்டு நாளுக்குள் இருந்த 14 இளைஞர்களை, திரையில் பாதையைக் காட்டும் பயிற்சிக் கருவியில் ஓட்டச் செய்தார்கள். அவர்கள் “சுகம்” என்றே சொன்னவர்கள். ஆனாலும் வளைவுகளில் அவர்களுடைய வாகனம் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தடுமாறியது. 14 பேர் சிறிய தொகைதான். எனக்கு அது போதுமாயிருந்தது. ஆறமுன் இரண்டாம் முறை அடிபட்டால் தேறுவதும் நீளும். அரிதாக உயிராபத்தான வீக்கமும் வரும்.

லைசென்ஸ் எடுக்கும்போது தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் கேட்கிறார்கள். விழுந்து எழும்பிய பிறகு யாரும் என்னைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கவில்லை. முடிவு வீட்டுக்குள்தான் எடுக்கப்படுகிறது. பஸ்ஸைத் தவறவிட்டால் வகுப்பும் போய்விடும் என்ற ஊரில் அந்த முடிவு அவசரமாகவே எடுக்கப்படும்.

நானும் அவசரப்பட்டேன். மூன்றாம் வாரம் தலையிடி இல்லை, கணக்கீட்டு வினாத்தாள் ஒன்றை முழுதாகச் செய்து முடித்தேன். எங்கள் ஒழுங்கையில் வாப்பா பார்த்து நிற்க ஸ்கூட்டியை எடுத்தேன். ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னால் சின்னப் பிள்ளை. பந்தைக் கண்டேன். கண்டுவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். கை பிறேக்குக்குப் போகப் பிந்திவிட்டது. பிள்ளைக்கு இரண்டடி முன்னால் நின்றது.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் திறப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

“இன்னும் சரியில்லை வாப்பா.”

“சரி மகள். பஸ்ஸில போங்க. நான் காலையில கொண்டுவந்து ஏத்திவிடுறன்.”

டொக்டரிடம் மீண்டும் போய் நடந்ததைச் சொன்னேன். இன்னும் இரண்டு வாரம் தள்ளினார். முதலில் சைக்கிள், பிறகு பகலில் ஒழுங்கைக்குள் ஸ்கூட்டி, பின்னால் யாரையும் ஏற்றாமல், இரவிலும் மழையிலும் இல்லை என்றார்.

போன வெள்ளிக்கிழமை மண்டைதீவுச் சந்திவரை போனேன். தலை தெளிவாக இருந்தது, கையும் பிந்தவில்லை. காற்று எழும்பியிருந்தது. பாலத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஸ்கூட்டியைக் கடையோரம் நிறுத்திவிட்டு, வாப்பாவுக்குச் சொல்லி, பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.