எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வண்டி விடுமுன் போட வேண்டிய கணக்கு

சிதம்பரம், புவனகிரி, கீரப்பாளையம் வட்டாரத்திலிருந்து எண்ணெய் நிறுவனங்களுக்குக் கிரேன், டேங்கர், ஆள் அனுப்பும் சிறு கான்ட்ராக்டர்கள் டீசல், டிரைவர் பேட்டா, நாள் வாடகை மூன்றையும் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறார்கள். சறுக்குவது அதற்கப்புறம்தான். வேலை எப்போது நிற்கும், நின்றால் யார் தலையில் விடியும் என்பதை யாரும் தாளில் எழுதுவதில்லை. டெண்டரில் விலை போடுமுன் கீழ்க்கண்ட வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

1. ஊருக்கு என்ன சட்டம் என்று பாருங்கள்

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் உள்ளன: காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. இங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதற்கும் துளையிடுவதற்கும் தடை. முன்பே நடந்துவந்த பணிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே உங்களுக்கு வரக்கூடியது பழைய கிணற்றுப் பராமரிப்பு, குழாய் வேலை, போக்குவரத்து. பழைய கிணறு என்றால் நாளாக நாளாக ஊற்று குறையும், வேலையும் குறையும்.

மண்டலத்துக்கு வெளியே போனால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி 2025-இல் மாநில அரசே உத்தரவிட்டது. அனுமதிக் கடிதத்தைப் பார்த்து மட்டும் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

2. ஊர்க்காரர்களிடம் பேசுங்கள்

2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்த பிறகு நடந்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். மக்கள் சாலையில் உட்கார்ந்தால் நிற்பது உங்கள் டேங்கர்தான். வண்டி போகும் பாதையில் வரப்பு சரிந்தால் அன்றைக்கே கட்டிக் கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

3. இரண்டு தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

ஒரு தேதி, ஒப்பந்தம் முடியும் நாள். இன்னொன்று, வண்டிக் கடன் முடியும் நாள். ஒப்பந்தம் இரண்டு வருடம். கடன் ஐந்து வருடம். "எப்படியும் நீட்டிப்பார்கள் சார்" என்ற ஒரே நம்பிக்கையில் இடையிலுள்ள மூன்று வருடத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு: 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 60 மாதம். மாதத் தவணை சுமார் 87,000 ரூபாய். 24 தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகும் மீதி அசல் ஏறக்குறைய 26.5 லட்சம் நிற்கும். முதல் இரண்டு வருடத் தவணையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போவதை யாரும் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த வண்டியைச் சந்தையில் விற்றால் 26.5 லட்சம் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் தைரியமாக இறங்குங்கள். கிடைக்காது என்றால் மூன்றே வழிதான்: கைப்பணத்தைக் கூட்டிப் போட்டுக் கடனைக் குறையுங்கள், வாடகையை ஏற்றிக் கேளுங்கள், அல்லது அந்த டெண்டரை விடுங்கள்.

எந்த வண்டி வாங்குவது என்பதும் இதே கணக்கில்தான் அடங்கும். எண்ணெய்க் கிணற்றைத் தவிர வேறெங்கும் உதவாத இயந்திரத்தைக் கடனில் வாங்கக் கூடாது. ஹைட்ரா கிரேன், தண்ணீர் டேங்கர், ஜே.சி.பி. என்றால் இங்கே வேலை நின்றாலும் நெய்வேலியிலோ சாலைப் பணியிலோ பிழைத்துக்கொள்ளும். ரிக் சார்ந்த சிறப்புச் சாமான்களை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். லாபம் கொஞ்சம் குறைந்தாலும் ராத்திரி தூக்கம் வரும்.

கடன் சுமை நம்மைப் போன்ற சின்னவர்களின் கவலை மட்டும் என்று எண்ண வேண்டாம். உலகெங்கும் கிளை பரப்பிய வெதர்ஃபோர்டு நிறுவனம் 2019-இல் கடன் சுமை தாங்காமல் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது. மறு வருடம் ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலருக்குப் போய் முடிந்தது. விலை சரிந்தால் எண்ணெய் நிறுவனம் முதலில் கை வைப்பது வெளி ஒப்பந்தங்களில்தான். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திலிருந்து வந்தால் இன்றே இரண்டாவது ஆளைத் தேடுங்கள்.

4. டெண்டரில் நான்கு இடங்களைப் படியுங்கள்

மற்றதை அவசரமாகப் புரட்டினாலும் இவற்றை விடாதீர்கள்: எத்தனை நாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை முறிக்கலாம், தாமதத்துக்கு எவ்வளவு பிடித்தம், வண்டி சும்மா நின்றால் என்ன வாடகை, வரி மாறினால் யார் தாங்குவது. எண்ணெய், எரிவாயு துரப்பணம் சார்ந்த சேவைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. கடைசி ஷரத்தைப் படிக்காமல், வரி சேர்த்த மொத்த விலைக்கு ஒத்துக்கொண்டவர் அந்த ஆறு சதவீதத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

சும்மா நிற்கும் வாடகைக்கு லாக் ஷீட்தான் சாட்சி. காலை 6 முதல் 11 வரை கிரேன் ரிக் ஓரம் நிற்கிறது. வர வேண்டிய குழாய் வரவில்லை. டிரைவர் "வேலை இல்லை" என்று எழுதினால் ஐந்து மணி நேரம் போச்சு. "குழாய் வராததால் காத்திருப்பு, 6 முதல் 11" என்று எழுதி, அன்று மாலையே சைட் இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கினால் கேட்க வழி உண்டு. மாசக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை ஒழியுங்கள்.

5. உத்யம் பதிவு முதலில், ஒர்க் ஆர்டர் அப்புறம்

2006 குறு, சிறு தொழில் சட்டப்படி பில்லுக்கான பணம் அதிகபட்சம் 45 நாளில் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணைய வழியில் புகார் தரலாம். வேலை ஆரம்பித்த பிறகு பதிவு செய்துவிட்டு இந்தப் பாதுகாப்பைக் கேட்டால் வழக்குதான் மிச்சம். அப்படியும் மூன்று மாதச் செலவைத் தனியாக வைத்திருங்கள். வட்டிப் புகார் சம்பள நாளைக்கு உதவாது.

6. விபத்து யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள்

அசாமில் ஆயில் இந்தியாவின் பாக்ஜான் கிணற்றில் 2020 மே 27 அன்று வாயு சீறிக் கிளம்பியபோது பராமரிப்பு வேலையில் இருந்தது வாடகைக்கு எடுத்த தனியார் ரிக். ஜூன் 9-இல் தீப்பற்றி இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், நவம்பரில்தான் அடங்கியது. அப்படி ஒன்று நடந்தால் ஒரு சின்னக் கான்ட்ராக்டரின் பரம்பரைச் சொத்தே போனாலும் ஈடாகாது. கிணற்றுச் சேதத்துக்கு உங்கள் பொறுப்பின் உச்சவரம்பு என்ன என்று கேளுங்கள். சாதாரண வண்டி இன்சூரன்ஸ் அதைச் சுமக்காது. எண்ணெய்க் கிணறு சட்டத்தின் பார்வையில் சுரங்கம் என்பதால், பயிற்சிச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாத ஆளை உள்ளே விடாதீர்கள்.

7. ஐப்பசி, கார்த்திகையை நம்பாதீர்கள்

வடகிழக்குப் பருவமழையில் மண் பாதையில் டேங்கர் இறங்காது. அந்த இரண்டு மாத வருமானத்தைப் பாதியாகப் போட்டே கணக்குப் பாருங்கள்.

ஏழில் ஆறு சரியாக இருந்து மூன்றாவது மட்டும் உதைத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். விட்டுவிடுங்கள். இந்த ஐந்து ஒன்றியங்களில் புதுக் கிணறு வராது என்று சட்டம் சொல்லிவிட்டது. வரும் என்று நம்பி ஐந்து வருடக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள்.